எஸ்எல்ஆர் துப்பாக்கியைச் சுத்தம் செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினேழு ஆண்டுகள் ராணுவத்தில் இருந்தேன். அதில் பெரும்பகுதி ஆயுதக் கிடங்கில் கழிந்தது. படையில் அதைக் 'கோத்' என்போம். ஓய்வு பெற்ற பிறகு வேலூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் என்.சி.சி. மாணவர்களின் ஆயுத வகுப்புகளுக்கு உதவி வருகிறேன். வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் சூழ்ந்துகொண்டு கேட்கிற கேள்விகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழுதாகி என் மேசைக்கு வந்த துப்பாக்கிகளில் சுட்டுச் சுட்டுத் தேய்ந்தவை குறைவு. தவறான கருவியால் தேய்த்து, எண்ணெய் படக்கூடாத இடத்தில் எண்ணெய் விட்டுக் கெடுத்தவைதான் அதிகம். அதனால் எதைச் செய்யக்கூடாது என்பதற்கே இங்கே நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

இங்கே சொல்வது எந்தத் துப்பாக்கிக்கு?

7.62 மி.மீ. எஸ்எல்ஆர், அதாவது செல்ஃப் லோடிங் ரைபிள். பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தில் தியுதொனே செவ் வடிவமைத்த எஃப்.ஏ.எல். துப்பாக்கியின் இந்திய வடிவம் இது. மேற்கு வங்கத்தின் இச்சாபூர் தொழிற்சாலையில் 1ஏ1 என்ற பெயரில் தயாரானது. 1962 சீனப் போரில் நம் வீரர்கள் பிடித்திருந்தது ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுக்க வேண்டிய .303 துப்பாக்கி. 1971 போரில் அவர்கள் கையில் எஸ்எல்ஆர் இருந்தது. 1990களின் பிற்பகுதியில் இன்சாஸ் துப்பாக்கி வந்து படையில் இதன் இடத்தைப் பிடித்தாலும், பல மாநிலக் காவல்துறைகளில் இது இன்னும் பணியில் இருக்கிறது.

தனியார் ஒருவர் சாதாரண உரிமத்தில் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய ஆயுதம் இது அல்ல. மாணவர்களும் புதிதாகப் பணியில் சேர்ந்த காவலர்களும் பயிற்றுநரின் கண் முன்னால் செய்ய வேண்டிய வேலையைத்தான் இங்கே சொல்கிறேன்.

அரை தானியங்கி என்பதற்காகக் கூடுதல் சுத்தம் தேவையா?

தேவை. போல்ட் துப்பாக்கியில் தோட்டாவின் புகை முழுதும் குழல் வழியே முன்னால் போய்விடும். எஸ்எல்ஆரில் அந்தப் புகையில் ஒரு பங்கு குழலின் மேல் உள்ள சிறு துளை வழியாகத் திரும்பி, கேஸ் சிலிண்டருக்குள் நுழைந்து, பிஸ்டனைப் பின்னால் தள்ளுகிறது. பிஸ்டன், முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடை இடிக்கிறது. ஸ்லைடு பின்னால் போகும்போது, குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் பிரீச் பிளாக்கின் பின்முனையைத் தூக்கிப் பூட்டை விடுவிக்கிறது. வெற்றுக்கூடு வெளியே விழுகிறது, அடுத்த தோட்டா ஏறுகிறது. இத்தனையையும் செய்வது அழுக்குப் புகை. அது தொட்டுப்போகும் ஒவ்வொரு இடத்திலும் கரி படியும். படிந்த கரி இயக்கத்தை மெதுவாக்கும்.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வியட்நாம் போரைப் பார்க்கலாம். அமெரிக்கப் படை எம்16 துப்பாக்கியைக் களத்துக்கு அனுப்பியபோது, அதற்கு அதிகச் சுத்தம் தேவையில்லை என்ற எண்ணம் பரவியிருந்தது. போதுமான சுத்தக் கருவிகளும் கூடப் போகவில்லை. இடையில் தோட்டாவின் மருந்தையும் மாற்றிவிட்டார்கள். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பருக்குக் குரோமியப் பூச்சும் இல்லை. வெற்றுக்கூடுகள் சேம்பரில் சிக்கி வெளிவராமல், எதிரி முன்னால் துப்பாக்கியைப் பிரித்து வைத்தபடியே வீரர்கள் மாண்டார்கள். 1967இல் அமெரிக்கக் காங்கிரஸின் துணைக்குழு இதை விசாரித்தது. பிறகுதான் குரோமியப் பூச்சும், சுத்தக் கருவிகளும், படக்கதை வடிவில் வரைந்த பராமரிப்புக் கையேடும் வந்தன. ஒரு பிரஷ்ஷும் கொஞ்சம் துணியும் இல்லாததும் சேர்ந்து உயிர் போன கதை இது. மாணவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன்.

அடிப்படையாக என்னென்ன கருவிகள் வேண்டும்?

ஒரு சிறிய பையில் அடங்கிவிடும். ஒரு புல்த்ரூ, அதாவது குழலுக்குள் துணியை இழுக்கும் கயிறு. சிந்தித் துணி: ஃபிளானல் துணியைத் துண்டு துண்டாக நறுக்கியதை இந்தியிலிருந்து வந்த இந்தப் பெயராலேயே படையில் எல்லோரும் அழைக்கிறார்கள். ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி. குழலுக்கு ஏற்ற பித்தளை அல்லது வெண்கலக் கம்பிப் பிரஷ். சேம்பருக்குத் தனியாக, அதைவிடப் பருமனான பிரஷ். பழைய பல் தேய்க்கும் பிரஷ் இரண்டு: ஒன்று கரிக்கு, மற்றொன்று எண்ணெய்க்கு. புகையின் அளவைக் கட்டுப்படுத்தும் கேஸ் ரெகுலேட்டரைத் திருப்பவும், குறிபார்க்கும் முன் குறியைச் சரிசெய்யவும் உதவும் கூட்டுக் கருவி; இது பயிற்றுநரிடம் இருந்தால் போதும்.

இவற்றோடு நான் எப்போதும் வைத்திருப்பது, ஒரு முனையைத் தட்டையாகச் சீவிய மூங்கில் குச்சி. மூலைகளில் இறுகிய கரியைச் சுரண்ட அதைவிட நல்ல பொருளை நான் பார்த்ததில்லை. கரியைவிடக் கடினம், எஃகைவிட மென்மை. முனை மழுங்கினால் மறுபடி சீவிக்கொள்ளலாம். பிரித்த பாகங்களை வைக்க ஒரு வெள்ளைத் துணியையோ ஆழமில்லாத தட்டையோ விரித்துக்கொள்ளுங்கள். கறுப்புத் தார்ப்பாயில், தோட்டாவை அடிக்கும் கறுப்பு ஊசியைத் தேடிய அனுபவம் உள்ளவர்களுக்கு வெள்ளைத் துணியின் அருமை தெரியும்.

கருவியைத் தொடுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் தோட்டாக்களை அடைக்கும் மேகசினைக் கழற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் காக்கிங் கைப்பிடியை இழுத்துப் பிரீச்சைத் திறந்து பிடிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால், காலி செய்கிறோம் என்று நினைத்து மேகசினிலிருந்து இன்னொரு தோட்டாவை ஏற்றிவிடுவோம். திறந்த பிறகு சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள். வெளிச்சம் குறைவாக இருந்தால் சுண்டு விரலை விட்டுத் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவரையும் பார்க்கச் சொல்லுங்கள். குழல் ஆளில்லாத திசையைப் பார்த்திருக்க வேண்டும். துப்பாக்கியைச் சுத்தம் செய்யும் அறையில் தோட்டா ஒன்றுகூட இருக்கக்கூடாது.

"இப்போதுதான் பார்த்தேன் சார்" என்று சொல்லும் மாணவரை நான் மறுபடியும் பார்க்கச் சொல்வேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

புல்த்ரூவை எப்படி இழுப்பது?

நீளமான கயிறு, ஒரு நுனியில் பித்தளைக் குண்டு. பழைய வகையில் மறுபக்கம் மூன்று கண்ணிகள் இருக்கும். குண்டுக்கு மிக அருகில் இருப்பது கம்பி வலைக்கு, நடுவில் இருப்பது சிந்தித் துணிக்கு, கடைசிக் கண்ணி துணி குழலுக்குள் சிக்கினால் பின்னால் இழுப்பதற்கு.

எஸ்எல்ஆரில் ஒரு வசதி உண்டு. பக்கத்து நெம்புகோலை அழுத்தினால் இரட்டைக்குழல் துப்பாக்கியைப் போல உடல் நடுவில் மடியும். பிரீச் பிளாக்கையும் ஸ்லைடையும் உருவிவிட்டால் குழலின் பின்பக்கம் நேராகத் தெரியும். பித்தளைக் குண்டைச் சேம்பர் வழியாக உள்ளே விடுங்கள். அது முன்முனையில் வந்து தொங்கும். நான்கு அங்குல நீளமும் இரண்டு அங்குல அகலமும் உள்ள சிந்தியை நடுக்கண்ணியில் பாதிவரை நுழைத்து, இருபக்கமும் கயிற்றைச் சுற்றி மடியுங்கள். ஒருவர் துப்பாக்கியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஒரே இழுப்பில் வெளியே எடுக்க வேண்டும். பாதியில் நின்றால் துணி அங்கேயே இறுகிவிடும்.

இழுக்கும்போது கயிறு குழலின் அச்சுக்கு நேராக இருக்க வேண்டும். சோம்பலில் கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ இழுத்தால் கயிறு குழல் முனையின் ஓரத்தை அறுக்கும். கயிறு எப்படி எஃகை அறுக்கும் என்று கேட்பார்கள். நம் ஊர்க் கிணற்றடியில் கல்லில் கயிறு போட்ட பள்ளத்தைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றில் ஒட்டிய மணலும் கரியும்தான் அரம். முனையின் வட்டம் ஒருபக்கம் தேய்ந்துவிட்டால், வெளியேறும் கடைசி நொடியில் குண்டு ஒருபக்கமாகத் தள்ளப்படும். எவ்வளவு கவனமாகக் குறிபார்த்தாலும் சுடுதளத்தில் குண்டுகள் ஒரே இடத்தில் விழாமல் சிதறும். நானே கழித்து ஒதுக்கிய குழல்களில் சில, உள்ளே கண்ணாடி போலப் பளபளத்தவை. முனையில் மட்டும் கயிற்றுத் தடம்.

துணி குழலுக்குள் சிக்கிக்கொண்டது. என்ன செய்யலாம்?

பதறாதீர்கள், பலம் காட்டாதீர்கள். பெரும்பாலும் துணியை இரண்டாக மடித்து வைத்திருப்பார்கள், அல்லது அளவு பெரிதாக இருந்திருக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் சில துளி எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். கடைசிக் கண்ணியில் வேறு கயிற்றைக் கோத்து, வந்த வழியே நேராகப் பின்னால் இழுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் கொடுத்துவிடுங்கள்.

இரும்புக் கம்பியை விட்டு இடிக்கக்கூடாது. துணியைச் சுட்டுத் தள்ளிவிடலாம் என்று ஒருவர் கேட்டதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். குழலில் அடைப்பு இருக்கும்போது சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். சுடுபவரின் முகத்திலிருந்து ஒரு முழத் தூரத்தில் அது நடக்கும்.

புல்த்ரூவுக்குப் பதில் கம்பி பயன்படுத்தலாமா?

கோத்தில் இருக்கும்போது நல்ல கம்பிதான் என் விருப்பம். முகாமில், நடைப் பயணத்தில் புல்த்ரூ. கம்பி ஒரே நீளமாக இருப்பது நல்லது. திருகி இணைக்கும் துண்டுக் கம்பிகள் இணைப்புகளில் விளிம்பு தட்டும், வளைந்தால் குழலைத் தேய்க்கும். எப்போதும் சேம்பர் பக்கமிருந்தே நுழைக்க வேண்டும். அமெரிக்கர்களின் எம்1 காரண்டில் பின்பக்கம் திறக்காது என்பதால் முன்முனையிலிருந்துதான் கம்பியை விட முடியும். சுட்டதைவிட அந்தக் கம்பியாலேயே முனை தேய்ந்த காரண்டுகள் ஏராளம். நம் துப்பாக்கி பின்னால் திறக்கும்படி அமைந்திருக்கும்போது அந்தத் தவறை நாம் ஏன் செய்ய வேண்டும்?

பிரஷ் எந்த உலோகத்தில் இருக்க வேண்டும்? எத்தனை முறை ஓட்ட வேண்டும்?

வெண்கலம், பித்தளை அல்லது நைலான். இரும்புக் கம்பிப் பிரஷ் குழலுக்குள் போகவே கூடாது. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரும், உப்புத்தாளும் அப்படியே. ஆய்வு நாளுக்கு முந்தின இரவு பளபளப்புக்காக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். துருவைத் தடுப்பதற்காகப் போட்ட கறுப்புப் பூச்சையே அவர்கள் உரித்துவிட்டார்கள். அடுத்த மழைக்கு அந்த இடம்தான் முதலில் சிவக்கும். துப்பாக்கி மின்ன வேண்டியதில்லை. மங்கலாக இருப்பதுதான் அதற்கு அழகு.

பிரஷ்ஷை உள்ளே விட்டால் மறுமுனை வரை போய் வெளியே வந்த பிறகுதான் திரும்ப இழுக்க வேண்டும். நடுவில் திருப்பினால் இழைகள் மடங்கி இறுகும். ஐந்தாறு முறை போதும். பிறகு சிந்தியை ஓட்டுங்கள். துணியில் கறுப்பு குறைந்து சாம்பல் நிறமாகி, பிறகு ஏறக்குறைய வெள்ளையாக வரும்போது நிறுத்திவிடுங்கள். முழு வெள்ளைக்காக மணிக்கணக்கில் தேய்ப்பவர்கள் துப்பாக்கிக்கு நல்லது எதுவும் செய்யவில்லை.

செம்பு கரைக்கும் திரவத்தைப் பயன்படுத்தினால் துணி நீலப் பச்சையாக வரும். குண்டின் செம்புக் கலவை உறை குழலில் ஒட்டியிருப்பதன் அடையாளம் அது. வெண்கலப் பிரஷ்ஷும் அதே திரவத்தில் கரைந்து அதே நிறம் காட்டும் என்பதால், திரவம் உள்ளே இருக்கும்போது நைலான் பிரஷ் மட்டும் போடுங்கள். இல்லாவிட்டால் இல்லாத செம்பைத் தேடி நாள் முழுதும் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள்.

சிந்தி கிடைக்காவிட்டால் எந்தத் துணி?

பலமுறை துவைத்த பழைய பருத்தி வேட்டி. ஈரத்தையும் எண்ணெயையும் நன்றாக உறிஞ்சும், பிசிறு விடாது. பாலியஸ்டர் கலந்த துணி உறிஞ்சாமல் அழுக்கை வழித்துத் தள்ளும். பனியன் துணியிலிருந்து நூல் பிரிந்து மூலைகளில் தங்கும். எண்ணெய் தடவுவதற்கான துண்டை நான்குக்கு ஒன்றரை அங்குலமாக, சற்றுச் சிறிதாக நறுக்குவது பழைய வழக்கம். எண்ணெயில் நனைந்த துணி உப்பும், அதனால்தான்.

எந்த எண்ணெய்? தேங்காய் எண்ணெய் போடலாமா?

ஆயுதங்களுக்கென்று வழங்கப்படும் கனிம எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம். வீட்டில் பூட்டுக்கும் கதவுக் கீலுக்கும் விட்டுப் பழகிய கை, இங்கேயும் அதைத் தேடுவது இயல்பு. ஆனால் 24 டிகிரி வாக்கில் தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில் குப்பிக்குள் வெள்ளையாக நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பிரீச் பிளாக்குக்குள் அது அப்படி நின்றால் ஊசி போய் அடிக்காது. நாளானால் காற்றுப்பட்டுப் பிசினாகவும் ஆகும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எல்லாமே இந்த வகைதான்.

மண்ணெண்ணெய் பழைய பிசினைக் கரைக்கும், உண்மை. ஆனால் உலோகத்தின் மேல் இருந்த காப்பையும் எடுத்துக்கொண்டு போய்விடும். துடைத்து உலர்த்தி உடனே எண்ணெய் பூசாவிட்டால் துரு நிச்சயம். பெட்ரோலை மூடிய அறையில் எடுக்கவே கூடாது. கடையில் கிடைக்கும் டபிள்யூடி-40 ஈரத்தை விரட்ட நல்லது. நீடித்து நிற்கும் மசகு எண்ணெயாக அதை நம்பாதீர்கள்.

அளவு? விரலால் தொட்டால் விரல் பளபளக்க வேண்டும், சொட்டக்கூடாது. ஸ்லைடும் உடலும் உரசும் தடங்களில், பிரீச் பிளாக் ஏறி இறங்கும் சரிவில், பூட்டும் தோளில் இந்த மெல்லிய படலம் போதும். அதிகமாகப் போட்டால் புழுதியைச் சேர்த்துக் குழைத்துச் சாணைக்கல் மாவாக்கிவிடும்.

சுடுவதற்கு முன் குழலும் சேம்பரும் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். உலர்ந்த சிந்தி ஒன்றை ஓட்டாமல் யாரையும் சுடுதளத்துக்கு நான் அனுப்பியதில்லை.

கேஸ் பகுதியை எப்படிச் சுத்தம் செய்வது?

கேஸ் பிளக், பிஸ்டன், பிஸ்டன் ஸ்பிரிங், கேஸ் சிலிண்டர்: கரி அதிகம் படிவது இங்கேதான். பிளக்கைத் திருப்பி எடுக்கும்போது அதன் மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்திருங்கள். பின்னால் ஸ்பிரிங் இருக்கிறது. ஒருமுறை மாலை வகுப்பில் ஒரு புதியவரின் கையிலிருந்து பிளக் துள்ளிக் கோரைப்புல்லுக்குள் விழுந்தது. பன்னிரண்டு பேர் வரிசையாக மண்டியிட்டு, புல்லை விரலால் பிரித்துப் பிரித்து, இருட்டிய பிறகு டார்ச் வெளிச்சத்தில்தான் அதைக் கண்டுபிடித்தோம். அன்று முதல் விரித்த துணிக்கு மேலேதான் பிளக்கை எடுக்கச் சொல்கிறேன்.

பிஸ்டன் தலையைச் சுற்றி அடைபோல் இறுகியிருக்கும் கரியை மூங்கில் குச்சியால் சுரண்டி, பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடையுங்கள். உலோகம் மறுபடி வெள்ளியாக வேண்டும் என்பதில்லை; தடித்த கரி போனால் போதும். சிலிண்டருக்குள்ளும் அப்படியே.

இதற்குப் பிறகு எல்லோரும் செய்யும் தவறு, பிஸ்டனுக்கும் எண்ணெய் பூசுவது. சுடும்போது அங்கே பாய்வது அனல். எண்ணெய் வெந்து, கரியோடு சேர்ந்து, தோசைக்கல்லில் காய்ந்த எண்ணெய்க் கறைபோலப் பிடித்துக்கொள்ளும். சுடப் போகும் துப்பாக்கியின் கேஸ் பாகங்கள் உலர்ந்திருக்க வேண்டும். நீண்ட நாள் வைப்புக்குப் போகும் துப்பாக்கியில் மட்டும் துருவுக்காக மெல்லிய படலம். எடுக்கும்போது அதையும் துடைத்துவிட வேண்டும்.

கேஸ் ரெகுலேட்டரையும் துடைத்துத் தடையில்லாமல் திரும்புகிறதா என்று பாருங்கள். அது நின்றிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அதிலேயே திரும்ப வையுங்கள். துப்பாக்கி இயங்கத் தேவையான புகையின் அளவை அதுதான் தீர்மானிக்கிறது. அழுக்கால் இயக்கம் மந்தமானபோது சுத்தம் செய்யாமல் ரெகுலேட்டரை இறுக்கிக் கூடுதல் புகையைச் செலுத்துகிறவர்கள் உண்டு. அன்றைக்கு வேலை நடக்கும். பாகங்கள் அடிபட்டுச் சீக்கிரம் தேயும்.

சேம்பருக்கு ஏன் தனிப் பிரஷ்?

சேம்பர் குழலைவிட அகலம். குழலுக்கான பிரஷ்ஷும் சிந்தியும் அதன் சுவரைத் தொடாமலே கடந்துவிடும். குழலை ஐம்பது முறை இழுத்துச் சுத்தமாக்கியவரின் சேம்பரில் கரி வளையம் அப்படியே இருப்பதைப் பார்க்கலாம். சுடும்போது பித்தளைக் கூடு விரிந்து சேம்பர் சுவரில் அழுந்தும். சுவர் சொரசொரப்பாக இருந்தால் திரும்பச் சுருங்கி வெளிவராது. வெற்றுக்கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்டிராக்டர் கூட்டின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு தனியாக வந்துவிடும்.

பருமனான பிரஷ்ஷை உள்ளே விட்டு, ஒரே திசையில் சில சுற்றுகள் சுற்றுங்கள். பிறகு குச்சியில் துணியைச் சுற்றி உலரத் துடையுங்கள். அப்படியே பிரீச் பிளாக்கின் முகத்தையும் பாருங்கள். எக்ஸ்டிராக்டரின் கொக்கிக்கு அடியில் பித்தளைத் தூளும் கரியும் சேர்ந்திருக்கும். அதை எடுக்கப் பல் பிரஷ் போதும்.

சுட்ட பிறகு குழலில் கொதிநீர் ஊற்றச் சொல்கிறார்களே?

.303 காலத்துப் பழக்கம். காரணம் உள்ள பழக்கம். அந்தக் காலத் தோட்டாவின் தொப்பியில், அதாவது ஊசி அடித்ததும் தீப்பற்றும் பகுதியில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் தங்கும். நம் சமையல் உப்பின் நெருங்கிய உறவு அது. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துரு பிடிக்கவைக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். அதனால் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றினார்கள். கொதிநீர் என்றால் குழல் சூடேறித் தானே உலர்ந்துவிடும் என்பது கூடுதல் வசதி.

இப்போதைய ராணுவத் தோட்டாக்களில் பெரும்பாலானவற்றில் அந்த உப்பு இல்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் கொதிநீர் தேவையில்லை. பழைய இருப்பிலிருந்து தோட்டா வந்திருந்தால், உங்கள் பயிற்றுநர் சொன்னால், ஊற்றுங்கள். ஊற்றினால் கடைசிச் சொட்டு வரை உலர்த்தி எண்ணெய் பூசுங்கள்.

மேகசினுக்கும் எண்ணெய் போட வேண்டுமா?

வேண்டாம். கழற்றி, துடைத்து, உலர்ந்தபடியே மாட்டுங்கள். மேகசினில் எண்ணெய் இருந்தால் புழுதி சேரும். தோட்டாவின் தொப்பிக்குள் எண்ணெய் கசிந்து மருந்தைக் கெடுக்கவும் கூடும். வாய் உதடுகள் வளைந்திருக்கின்றனவா என்று மட்டும் கவனியுங்கள். தோட்டா சரியாக ஏறாததற்கு அடிக்கடி அதுதான் காரணம்.

மரக்கட்டைப் பாகங்கள்?

துப்பாக்கி எண்ணெய் மரத்தை ஊறவைத்து மென்மையாக்கும், துடைத்துவிடுங்கள். மரத்துக்கு ஆளி விதை எண்ணெய், சில துளி, உள்ளங்கையால் தேய்த்துச் சூடேற்றி. அந்த எண்ணெய் பட்ட துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளிவரும். குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவைத்துப் பிறகு அப்புறப்படுத்துங்கள்.

பத்துத் துப்பாக்கிகளை ஒன்றாகப் பிரித்துச் சுத்தம் செய்தால் வேலை சீக்கிரம் முடியாதா?

முடியும், ஆபத்தும் உடனே வரும். பிரீச் பிளாக் பூட்டிக்கொள்ளும் தோள், ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அளந்து தேர்ந்தெடுத்துப் பொருத்தப்பட்டது. பார்வைக்கு எல்லாப் பிரீச் பிளாக்கும் ஒன்றுபோல இருக்கும். ஒன்றினுடையதை இன்னொன்றில் மாட்டினால் தோட்டாவின் அடிக்கும் பிளாக்குக்கும் உள்ள இடைவெளி மாறிவிடும். இடைவெளி கூடினால் கூடு கிழியலாம். குறைந்தால் பூட்டு சரியாக விழாது. எண்களை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். ஒரு முகாமில் பாகங்களை ஒரே தட்டில் கொட்டிக் கழுவிவிட்டார்கள். இரவு முழுதும் உட்கார்ந்து எண் பார்த்துப் பிரித்தோம். இரண்டு துப்பாக்கிகளில் எண் அழிந்திருந்ததால், ஆர்மரர் அளவுகோல் வைத்துச் சோதிக்கும் வரை அவற்றைச் சுட விடவில்லை.

ஒரு ஆள், ஒரு துணி, ஒரு துப்பாக்கி. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

சுட்டால் அன்றே, குழல் ஆறியதும். அடுத்த மூன்று நாளும் ஒரு சிந்தி ஓட்டிப் பார்ப்பது எங்களுக்குக் கற்றுத்தந்த வழக்கம். முதல் நாள் சுத்தமாகத் தெரிந்த குழலிலிருந்து மறுநாள் கறுப்பு வருவதை நீங்களே பார்ப்பீர்கள். சுடாவிட்டால், கடலிலிருந்து தள்ளியுள்ள ஊர்களில் வாரம் ஒருமுறை. நாகப்பட்டினம், ராமேஸ்வரம் போன்ற கடலோரத்தில் தினமும் வெளிப்புறத்தைத் துடைக்க வேண்டும். உப்புக்காற்று ஒருபுறம் இருக்கட்டும், வியர்த்த உள்ளங்கையே போதும்; காலையில் பார்த்தால் விரல் ரேகை துருவாகப் பதிந்திருக்கும். பிளாஸ்டிக் உறையிலும் ஈரம் காயாத கான்வாஸ் பையிலும் வைக்காதீர்கள். அவை ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும்.

லடாக் போன்ற கடும் குளிரில் நிலைமை நேர்மாறு. எண்ணெய் கெட்டியாகி இயக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே ஏறக்குறைய உலர்ந்த நிலைக்குத் துடைத்துவிடுவோம். குளிரில் இருந்த துப்பாக்கியைச் சூடான பங்கருக்குள் கொண்டுவந்தால் ஐஸ் தண்ணீர் டம்ளர்போல வியர்க்கும். அந்த ஈரத்தோடு மறுபடி வெளியே எடுத்துப் போனால் உள்ளே உறைந்துவிடும். ஆகவே துப்பாக்கி வெளிக் குளிரிலேயே, பாதுகாப்பாக, இருக்கும்.

நாங்கள் உண்மையில் சுடுவது .22 துப்பாக்கி. அதற்கும் இதே முறைதானா?

ஒழுங்கு அதேதான், வேலை குறைவு. .22 போல்ட் துப்பாக்கி. கேஸ் பகுதி இல்லை. குண்டு உறையில்லாத ஈயம் என்பதால் செம்புக் கறை வராது. சிந்தி சிறிதாக இருக்க வேண்டும். 7.62க்கு நறுக்கியதை இதில் நுழைத்துச் சிக்கவைக்கும் கதை ஒவ்வொரு முகாமிலும் நடக்கிறது. இன்னொன்று: .22 தோட்டாவில் ஊசி அடிப்பது விளிம்பில். சேம்பர் காலியாக இருக்கும்போது திரும்பத் திரும்ப டிரிகரை அழுத்தினால், துப்பாக்கியின் அமைப்பைப் பொறுத்து, ஊசி சேம்பரின் ஓரத்தையே அடித்துப் பள்ளமாக்கக்கூடும். பயிற்றுநர் சொன்னால் மட்டும் அழுத்துங்கள்.

சுத்தம் செய்தபின் கை கழுவினால் போதுமா?

சோப்பும் குளிர்ந்த நீரும் போட்டு, நகக்கண் வரை. தொப்பி மருந்திலும் குண்டிலும் ஈயம் இருக்கிறது. அந்தக் கறுப்புத் தூளில் அதுவும் கலந்திருக்கும். சுத்தம் செய்யும்போது டீயும் பிஸ்கட்டும் வேண்டாம். அழுக்குச் சிந்திகளை ஒரு மூடியுள்ள டப்பாவில் சேர்த்துப் பயிற்றுநரிடம் கொடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள்.

நாங்கள் எதுவரை கழற்றலாம்? மாட்டியபின் எப்படிச் சோதிப்பது?

மேகசின், பிரீச் பிளாக்கும் ஸ்லைடும், மேல் மூடி, கேஸ் பிளக், பிஸ்டன், ஸ்பிரிங். இவ்வளவுதான். ஊசியைக் கழற்றுவது பயிற்றுநர் பக்கத்தில் இருந்தால் மட்டும். டிரிகர் பகுதி, எக்ஸ்டிராக்டர், ரிட்டர்ன் ஸ்பிரிங், குறிகள் ஆர்மரருடையவை. திருகாணி ஒன்றைக்கூடத் தொடாதீர்கள்.

மாட்டி முடித்ததும் மேகசின் இல்லாமல் இரண்டு மூன்று முறை காக் செய்து, ஸ்லைடு தடையில்லாமல் போய்வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். நன்றாக இருக்கும் துப்பாக்கி ஒரே 'டக்' என்று மூடும். இழுத்து முனகினால் ஏதோ தவறு. குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, சேஃப்டியைப் போட்டு டிரிகரை அழுத்துங்கள், ஊசி அடிக்கக்கூடாது. சேஃப்டியை எடுத்து அழுத்துங்கள். சுத்தியல் விழும் ஓசை கேட்க வேண்டும். விரித்த வெள்ளைத் துணியில் ஏதாவது பாகம் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு துப்பாக்கியின் எண்ணைப் பதிவேட்டில் சரிபார்த்துக் கோத்தில் ஒப்படைத்துக் கையெழுத்துப் போடுங்கள்.